சாம்பல் நிறக் கிளாம்புகள்

இந்த அறையின் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது, ஆனால் சத்தம் வருவதில்லை. உள்ளே வந்ததும் நான் கவனித்தது அதைத்தான். மேலே ஒரு சிறிய பெட்டி இருக்கிறது பாருங்கள், அதற்குள் எண்ணெய். கதவு எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த எண்ணெய் ஒரு பொடித் துளை வழியாகத்தான் போயாக வேண்டும். போக நேரமாகும். அதற்குள் கதவின் கோபம் அடங்கிவிடும். யாரோ நன்றாகப் பொருத்தியிருக்கிறார்கள். பொருத்தியவன் யார் என்று உங்களுக்குத் தெரியாது. கதவு டமாரென்று அடித்திருந்தால் அன்றைக்கே விசாரித்திருப்பீர்கள்.

நான் பார்க்கும் உத்தியோகமும் இதுதான், கொஞ்சம் பெரிய அளவில்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாக வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து அறையில் அடைத்து வைத்திருக்கிறீர்களே ஒரு ஃபிட்டர், அவனை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல வந்தேன். கிளாம்புகளைக் கழற்ற அவன் மறந்துவிட்டான், அதனால்தான் மேற்குக் கட்டடம் விழுந்தது, இத்தனை பேர் போனார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனும் ஆமாம் என்று கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அவன் மறக்கவில்லை. அவன் மறக்கிற ஆளே இல்லை. எப்படி என்று சொல்கிறேன். எனக்கு இன்றைக்கு வேறு வேலை எதுவும் இல்லை.

இரண்டு கட்டடங்களும் ஒரே அச்சு. ஒரே வரைபடம், ஒரே கம்பி, ஒரே ஒப்பந்தக்காரர், ஒரே இடத்தில் ஒழுகும் குழாய். நடுவில் புல்தரை என்று ஒன்று உண்டு, புல் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நடைவழியின் இரு கோடிகளில் கண்ணாடிக் கதவு போட்ட உயரமான அலமாரி இருக்கும். அதற்குள் தரையிலிருந்து கூரைக்குச் சாய்வாக ஓர் இரும்புத் தண்டு, தண்டின் நடுவே டேம்பர். கனத்த உருளை, உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் துளைபோட்ட ஒரு பிஸ்டன். பூமி ஆடினால் கட்டடம் ஆடும், கட்டடம் ஆடினால் பிஸ்டன் போய்வரும், எண்ணெய் சூடாகும். தூணை முறிக்க வந்த சக்தி எண்ணெயைச் சூடாக்கிவிட்டுப் போய்விடும். அவ்வளவுதான் விஷயம். இந்தத் தைரியத்தில்தான் தூண்களை மெலிதாகப் போட்டிருந்தார்கள். தூண் மெலிந்தால் கூடம் பெரிதாகும், கூடம் பெரிதானால் விளம்பரம் பெரிதாகும். டேம்பர் வேலை செய்யும் வரை அது சரியான கணக்கு. எனக்கு அதில் ஆட்சேபம் இருந்ததில்லை.

திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர் ஒரு டேம்பரைத் தட்டிக்கொடுத்து, "இதுக்கு சுவிட்ச் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"சுவிட்ச் கிடையாது சார்."

"அப்ப யார் ஆன் பண்ணுவாங்க?"

"பூமி சார்."

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு எடுத்த புகைப்படத்தில் என்னுடைய முழங்கை மட்டும் விழுந்திருக்கிறது.

குடிவந்தவர்கள் முதல் மாதம் அலமாரியை எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் மாதம் குடையை மாட்டினார்கள். ஒரு வருடத்துக்குள் ஷூ ஸ்டாண்டு, உடைந்த சைக்கிள், பழைய மெத்தை எல்லாம் வந்துவிட்டன. ஆறாம் மாடி அம்மா சாய்வுத் தண்டில் ஈரப் போர்வையைக் காயப்போட்டிருந்தார். நான் போய்ச் சொன்னால் எடுப்பார். எடுத்துவிட்டு, "கோவிச்சுக்காதீங்க எண்ணெய் சார்" என்பார். கையில் எண்ணெய்த் துணியோடு மாடி மாடியாக ஏறுவதால் எனக்கு அந்தப் பெயர். என் படிப்புக்கு அந்தப் பெயர் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனால் பழகிப்போயிற்று. எல்லாமே பழகிப்போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவும் அத்தானும் மேற்குக் கட்டடத்தில் நாலாம் மாடி. மனைவி பிரிந்து போன பிறகு நானும் அவர்களோடுதான், பின்னறையில். அத்தான் இரண்டு கட்டடங்களுக்கும் சேர்த்துக் குடியிருப்போர் சங்கத் தலைவர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'மாண்புமிகு' என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாலும் அவர் மறுத்திருக்க மாட்டார். தண்ணீர்த் தொட்டி கழுவுகிற அறிவிப்பைக்கூட 'வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால்' என்றுதான் ஆரம்பிப்பார்.

ஒரு நாள் விடியும் நேரத்தில் பூமி லேசாக ஆடியது. ஊருக்குள் பழைய வீடுகளில் ஓடு சரிந்தது, கடைத்தெருவில் ஒரு மதில் சாய்ந்தது. எங்கள் இரண்டு கட்டடங்களிலும் யாரும் புரண்டுகூடப் படுக்கவில்லை. நான் மட்டும் எழுந்து நடைவழிக்கு ஓடி, அலமாரியைத் திறந்து, மெத்தையை நகர்த்தி, உருளையில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. என் கையின் சூடாகவும் இருக்கலாம். ஆனால் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. சொல்வதற்கு ஆள் தேடினேன். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தூங்க வைத்ததே நான்தான் என்பதை அவர்களை எழுப்பாமல் எப்படிச் சொல்வது?

காலையில் அத்தான் செய்தித்தாளை விரித்தபடி சொன்னார்: "பாத்தியா மாப்ள, ஊரே ஆடியிருக்கு. நம்ம பில்டிங் அசையவே இல்ல."

"டேம்பர் வேலை செஞ்சிருக்கு அத்தான்."

"எது, உன் எண்ணெய்க் குழாயா? அது இருந்தாலும் இல்லாட்டியும் கட்டடம் நிக்கும்டா. அஸ்திவாரம் அப்படி."

அஸ்திவாரத்தை அவரே மண்வெட்டி பிடித்துத் தோண்டியதுபோல ஒரு திருப்தி அந்தக் குரலில் இருந்தது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் பிரச்சினை வந்தது. அலமாரிகளை இடித்துவிட்டால் மாடிக்கு இரண்டு சேமிப்பு அறை கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, "இத்தனை வருஷமா வெச்சிருக்கோமே, இது ஒரு தடவையாவது வேலை செஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

"போன மாசம் செஞ்சுது" என்றேன்.

"யார் பாத்தா?"

கூடம் சிரித்தது. அத்தான் மைக்கைக் கையில் எடுத்தார். "என் மச்சினன்ங்கறதால சொல்லல, தங்கமான பையன். ஆனா நடக்காத ஒண்ணை நான்தான் தடுத்தேன்னு ஒருத்தன் சொன்னா, நாம எதைப் பாத்துங்க கைதட்டறது?"

அன்றைக்கு அதிகக் கைதட்டல் வாங்கிய வாக்கியம் அதுதான். நான் கோபப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்குக் களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் கேள்வி நியாயமானது. ஒரு டாக்டர் நோயாளியைப் பிழைக்க வைத்தால், அதே நோயில் செத்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம். என் தொழிலில் ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது அக்கா சமாதானம் சொன்னாள். "அவர் பேச்சை விடுடா. மைக்கைக் கண்டா அவருக்குப் பசிகூட எடுக்காது."

"அவர் சொன்னதுல தப்பில்லக்கா."

"தப்பில்லையாம். ரெண்டு கட்டடம் இருக்குல்ல, ஒண்ணுல மட்டும் மாட்டிட்டு இன்னொண்ணைச் சும்மா விட்டிருக்கணும் நீ. அப்பத் தெரிஞ்சிருக்கும் உங்க அத்தானுக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ. இளைச்சுப் போயிட்டே."

இந்த யோசனை யாருடையது என்று பின்னால் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அக்காவுடையது. நான் செயல்படுத்தினேன்.

இனி கிளாம்ப் விஷயம். டேம்பரைக் கழற்றிச் சோதிக்கும்போது அதன் தண்டு நீளவும் கூடாது, உள்ளே போகவும் கூடாது. போனால் திரும்ப மாட்டும்போது துளைக்குத் துளை சேராது. அதற்காகத்தான் கிளாம்ப். இரண்டு அரைவட்ட இரும்பு, நான்கு போல்ட். தண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். டேம்பரைத் திரும்ப மாட்டியதும் கிளாம்பைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் அது டேம்பர் இல்லை, இரும்புக் கட்டை. இந்தத் தொழிலில் எல்லோரும் பயப்படுவது இந்த ஒரு மறதிக்குத்தான். அதனால் கிளாம்புக்கு ரத்தச் சிவப்பு அடித்து வைத்திருப்போம். பட்டறைச் சுவரில் ஒரு பலகை, ஒவ்வொரு கிளாம்புக்கும் ஒரு கொக்கி. கொக்கி காலியாக இருந்தால் எங்கோ ஒரு டேம்பர் பூட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். பலகை நிறைந்தால்தான் வேலை முடிந்தது.

உங்களிடம் இருக்கும் ஃபிட்டரை நாங்கள் ஸ்பேனர் என்று கூப்பிடுவோம். வாய் ஓயாது, கையும் ஓயாது. ஒருமுறை மகளுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன் வந்தது. போய்யா என்றேன். "ரெண்டு கொக்கி பாக்கி சார். இதை விட்டுட்டுப் போனா எனக்கே காய்ச்சல் வந்துரும்" என்று சொல்லிவிட்டு மறுபடி மாடி ஏறினான். அப்படிப்பட்டவனைத்தான் மறதிக்காரன் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்.

அந்தப் பலகை இப்போதும் பட்டறையில் இருக்கிறது. உங்கள் ஆட்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று தெரிகிறது. பார்த்திருந்தால் ஒரு கொக்கிகூடக் காலியில்லை என்பதைக் கண்டிருப்பார்கள். சிவப்புக் கிளாம்புகள் அத்தனையும் பத்திரமாகத் தொங்குகின்றன. அப்படியென்றால் இடிபாட்டில் கிடைத்தவை எவை?

அவை நான் செய்யச் சொன்னவை. ஊரின் மறுகோடியில் ஒரு லேத் பட்டறை. அளவு அதேதான், நிறம் மட்டும் சாம்பல், தண்டோடு தண்டாகத் தெரியும்படி. லேத்காரர் கேட்டார், "எதுக்கு சார் இவ்வளவு?"

"ஸ்பேர்."

"நல்லது சார். இந்த மாதிரி முன்னாடியே யோசிக்கிற ஆளுங்க இப்பல்லாம் எங்க இருக்காங்க" என்றார்.

மேற்குக் கட்டடத்தில் ஸ்பேனர் பராமரிப்பை முடித்து, பலகையை நிறைத்து, நிம்மதியாகத் துண்டை உதறிக்கொண்டு போனான். அவனைக் கிழக்குக் கட்டட வேலைக்கு அனுப்பிவிட்டு, நான் மேற்கில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து சாம்பல் கிளாம்புகளை மாட்டினேன். பட்டப்பகலில்தான் செய்தேன். ஆறாம் மாடி அம்மா கதவைத் திறந்து, "என்ன எண்ணெய் சார், மறுபடியும் ரிப்பேரா?" என்றார்.

"சின்னதா ஒரு சரிபார்ப்பு."

"அப்படியே அந்த ஷூ ஸ்டாண்டைக் கொஞ்சம் ஓரமா நகர்த்தி வெச்சிருங்க. காலை இடிக்குது."

நகர்த்தி வைத்தேன். நன்றி என்றார். அந்தக் கட்டடத்தில் என் வேலைக்குக் கிடைத்த நன்றி என்று பார்த்தால் அதுதான்.

ஏன் மேற்கு என்று கேட்கலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தானே ஆக வேண்டும். கிழக்கில் தரைத்தளத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. ஏதாவது விழுந்து குழந்தைகள் பயந்துவிடக் கூடாது. மனிதத்தன்மை இல்லாதவன் அல்ல நான். அத்தான் மேற்கில் குடியிருந்தார் என்பது ஒரு காரணமே அல்ல. அவர் வீட்டுச் சுவரில் நீளமாக ஒரு விரிசல் ஓடுவதையும், அவர் வாங்கிக் குவித்த கேடயங்கள் கண்ணாடி அலமாரியோடு கவிழ்வதையும் நான் சில சமயம் மனத்தில் ஓட்டிப் பார்த்ததுண்டு. அது வேறு விஷயம். யாருக்கும் அப்படி ஏதாவது ஓடும்.

டேம்பர்களைக் கழற்றி எடுத்துவிட்டிருக்கலாமே என்பீர்கள். காலி அலமாரி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பூட்டினேன். பூட்டிய டேம்பர் டேம்பரே இல்லாததைவிட மோசம் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். வளைந்து கொடுக்க வேண்டிய இடத்தில் விறைத்துக்கொண்டு நிற்கும். வருகிற சக்தியையெல்லாம் தன் பக்கம் இழுத்து, அதை அப்படியே மூட்டுகளிலும் மெலிந்த தூண்களிலும் இறக்கும். இது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ஆனால் எங்கள் பக்கம் வருவதெல்லாம் சிறு அதிர்வுகள்தான். மேற்கில் காரை உதிரும், ஜன்னல் கண்ணாடி சிதறும், ஜனங்கள் பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்; அதே நேரம் கிழக்கில் டீ ஆற்றிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு தரப்பும் புல்தரையில் சந்தித்து, 'உங்க பக்கம் ஏன் ஒண்ணும் ஆகல?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். நான் எதிர்பார்த்தது அந்த ஒரு கேள்வியை மட்டும்தான். இந்த வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அக்காவையாவது அங்கிருந்து மாறச் சொல்லியிருக்கலாமே என்று உங்கள் உதவியாளரின் முகம் கேட்கிறது. சொல்லவில்லை. வேண்டியவர்களுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்றால் அது சோதனையாகாது. அந்தக் கட்டடத்தில் இருந்த எல்லோரையும் நான் ஒரே மாதிரிதான் நடத்தினேன். இதில் மறைக்க எனக்கு எதுவும் இல்லை.

பிறகு காத்திருந்தேன். காத்திருப்பது களைப்பான வேலை. பூமிக்கு நம் அவசரம் தெரியாது. ஒரு மாலையில், இது போதும், கழற்றிவிடலாம் என்று தோன்றியது. கருவிப் பையை எடுத்துக்கொண்டு மேற்குக்குப் போனேன். இரண்டாம் மாடி அலமாரிக் கண்ணாடியில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'பயன்பாட்டில் இல்லாத கருவி. விரைவில் அகற்றப்படும். இவண், தலைவர்.' கீழே அத்தானின் கையெழுத்து, அதன் கீழே அவரே செய்வித்துக்கொண்ட ரப்பர் முத்திரை. கொஞ்ச நேரம் அதையே படித்துக்கொண்டிருந்தேன். பயன்பாட்டில் இல்லை என்பது அந்தக் கட்டடத்தைப் பொறுத்தவரை அப்போது உண்மையும்கூட. அத்தான் வாழ்க்கையில் எழுதிய ஒரே சரியான அறிவிப்பு அதுதான். பையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அவர் மட்டும் அன்றைக்கு அதை ஒட்டாமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. பழியைப் பங்கு போடுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை, கிழக்குக் கட்டடத்தின் தரைத்தளக் கூடத்தில் பொதுக்கூட்டம். டேம்பர்களை அகற்றும் தீர்மானம்தான் விஷயம். அதற்கு முன்னால் அக்கா வீட்டில் தலையைக் காட்டினேன். அத்தான் சட்டையை இரண்டாம் முறை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கீழ்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் சமையலறையில் அக்காவோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீயும் வாயேன்க்கா" என்றேன்.

"எனக்கெதுக்கு அது? முழங்கால் வலி வேற. நீங்க ரெண்டு பேரும் மைக்குல அடிச்சுக்கிட்டு முடிச்சிட்டு வாங்க. சமைச்சு வெக்கிறேன்."

"சும்மா வந்து உக்காரு."

"போடா" என்றாள்.

கூப்பிட்டேன் என்பதை நீங்கள் பதிவு செய்ய வேண்டும். அவள் வரவில்லை.

அத்தான் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். வரலாற்றைத் திரும்பிப் பார்த்து முடிக்கவில்லை. பூமி ஆடியது. அதுவரை எங்கள் பக்கம் வராத ஆட்டம். கூரை விளக்குகள் ஊசலாடின, காலி நாற்காலிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தன. மேஜையில் அத்தானுடைய தண்ணீர் டம்ளர் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் விளிம்பு வரை வந்தது, திரும்பியது, மறுபடி வந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சுவருக்குள் எங்கோ என் எண்ணெய் சூடாகிக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகான வேலையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அத்தான் மைக்கை விடவில்லை. "யாரும் ஓடாதீங்க, உக்காருங்க உக்காருங்க. பாருங்க, சும்மா தாலாட்டற மாதிரி இருக்கு. நான் அன்னிக்கே சொல்லல? அஸ்திவாரம் அப்..."

அந்தச் சொல் முடிவதற்குள் கூடத்துக்குள் வெளிச்சம் அதிகமாயிற்று. ஜன்னல் பக்கம் எப்போதும் கொஞ்சம் இருட்டாக இருக்கும். மேற்குக் கட்டடம் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்பதால். சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. பிறகு தூசி.

மைக் அணையவில்லை. அதனால் அத்தான் அக்காவைக் கூப்பிட்டது கூடம் முழுவதும் கேட்டது. அப்போது அவர் முன்னுரை எதுவும் சொல்லவில்லை.

எண்ணிக்கை உங்களிடம் இருக்கிறது, நான் சொல்ல வேண்டியதில்லை. கீழ்வீட்டுப் பெண்கள் இருவரும் அதில் உண்டு. ஆறாம் மாடி அம்மாவும்.

ஸ்பேனர் எங்கிருந்தோ ஓடி வந்தான். எல்லோரோடும் சேர்ந்து கையால் வாரினான், நகம் பெயர்ந்துபோகிற அளவுக்கு. பொழுது சாயும் நேரத்தில் ஒரு தூணின் அடியிலிருந்து முறுக்கிக்கொண்டு கிடந்த ஒரு டேம்பரை இழுத்தான். தூசியைத் துடைத்தான். தண்டைக் கவ்விக்கொண்டு கிளாம்ப். தூசியும் நசுங்கலுமாக இருந்ததில் நிறம் தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"சார்" என்றான். "சார், கிளாம்ப் சார். கழட்டல சார் நான்."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ம்" என்றேன்.

அவனே எழுந்துபோய் உங்கள் காவலரிடம் அதைக் கொடுத்தான். அப்படியே உட்கார வைத்துவிட்டார்கள்.

நேற்று அவனைப் பார்க்க வந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னை விசாரித்தான், "அக்கா கெடச்சாங்களா சார்?" என்று. கிடைத்தாள் என்றேன். அழுதான். அவன் அழுததில் பாதிகூட நான் அழவில்லை, உண்மையைச் சொல்வதென்றால். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெனச்சு நெனச்சுப் பாக்கறேன் சார். பலகை நெறஞ்ச மாதிரிதான் ஞாபகம். ஆனா கையில கிளாம்ப் வந்துச்சே, அப்புறம் என் ஞாபகத்தை எப்படி நம்பறது? நீங்க போய் ஒரு தடவை பலகையைப் பாருங்க சார். எத்தனை கொக்கி காலின்னு தெரிஞ்சிட்டா, எந்தெந்த மாடியில விட்டேன்னு நெனவுக்கு வந்துரும்" என்றான்.

"பாக்கறேன்" என்றேன்.

"என் பொண்ணு கேட்டா என்ன சார் சொல்றது? மறந்துட்டேன்னா சொல்றது?"

வீட்டுக்குப் போய் யோசித்தேன். உங்கள் முதல் அறிக்கை செய்தித்தாளில் வந்திருந்தது. 'தொழிலாளியின் மறதியால் நேர்ந்த விபத்து' என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்ததும்தான் எனக்கு நிஜமாகவே மனம் விட்டுப்போயிற்று. விபத்து எதையும் நிரூபிக்காது, ஐயா. எங்கோ ஒருவன் மறந்தான், ஏதோ ஒன்று விழுந்தது என்றால் அதில் யார் எதைக் கற்றுக்கொள்வார்கள்? இரண்டு கட்டடங்கள், ஒரே அச்சு, ஒரே மண், ஒரே நொடி. ஒன்றில் டேம்பர் வேலை செய்தது, மற்றதில் வேலை செய்யாதபடி வைக்கப்பட்டது. ஒன்று நிற்கிறது. உலகத்தில் எந்த ஆய்வுக்கூடத்திலும் இப்படி ஓர் ஒப்பீடு செய்ய விடமாட்டார்கள். அதைப் போய் மறதி என்று எழுதினால், செத்தவர்கள் அத்தனை பேரும் வீணாகச் செத்ததாக ஆகிவிடும். அதற்காகத்தான் வந்தேன். ஸ்பேனருக்காகவும்தான்.

அத்தான் என்ன சொல்கிறார் என்று கேட்டீர்கள். கிழக்குக் கட்டடக் கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறார். நான் இங்கே கிளம்பும்போது அவரிடம், "இப்பவாவது தெரியுதா அத்தான், டேம்பர் என்ன செய்யும்னு?" என்று கேட்டேன். குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அவ உனக்குச் சாப்பாடு எடுத்து வெச்சிருந்தாடா" என்றார். பேச்சுக்குச் சம்பந்தமே இல்லாத பதில். பாவம், புத்தி பேதலித்திருக்கிறது.

ஆக, மறதி என்ற சொல்லை அடித்துவிடுங்கள். தெரிந்து, அளந்து, செய்யச் சொல்லி, என் கையால் மாட்டியவை. லேத்காரரிடம் விசாரியுங்கள், பலகையைப் போய்ப் பாருங்கள். ஸ்பேனரை இன்றைக்கே அனுப்பிவிட்டால் நல்லது, அவன் மகள் சின்னவள். நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

இன்னொன்றும் கேட்டீர்கள், அக்கா வீட்டுப் பின்னறையை நான் எப்போது காலி செய்தேன் என்று. கிளாம்புகளை மாட்டி முடித்த அதே வாரம். கிழக்குக் கட்டடத்தில் ஒரு சின்ன வீடு வாடகைக்கு அகப்பட்டது. "ஏன்டா, இங்க உனக்கு என்ன குறை வெச்சேன்?" என்று அக்காதான் வருத்தப்பட்டாள், என் போர்வை தலையணையெல்லாம் அவளே மடித்துக் கட்டிக் கொடுத்தாள். அதையும் இதையும் நீங்கள் முடிச்சுப் போட வேண்டாம். அந்த வீட்டில் காலை வெயில் நன்றாக வரும்.